குவியலில் எடுத்த சிப்பி

கடற்கரைக்குப் போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். ஜெசி தரையைப் பார்ப்பாள். உவரியில் அவள் குனிந்த தலை நிமிராமல் நடப்பதைக் கண்டு, பாவம் தோட்டைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று கூடச் சேர்ந்து தேடியவர்கள் உண்டு. தோடு இல்லை, சிப்பி பொறுக்குகிறேன் என்று சொன்னதும் அவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மழலையர் பள்ளியில் அவள் ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அதனால் வகுப்பு அலமாரி முழுக்க அவளே கார்ட்டூன் பொம்மைகள் செய்து நிறுத்தியிருந்தாள். எல்லாம் கடல் ஒதுக்கித் தள்ளிய சரக்கு. மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தைக்குக் கண் இரண்டும் வெள்ளைச் சிப்பி, கருவிழிக்குப் புளியங்கொட்டை. குடை பிடித்த வாத்துக்கு அலகு, அறுந்த ரப்பர் செருப்பின் துண்டு. சல்யூட் அடிக்கிற யானைக்குத் தொப்பை, வலையில் கட்டுகிற மிதவை; தும்பிக்கை, அடுக்கி ஒட்டிய பொடிச் சங்குகள். கார்ட்டூன் மூஞ்சிக்குக் கண் பெரிதாக இருக்க வேண்டும், வாய் காது வரைக்கும் சிரிக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் மீதியைப் பிள்ளைகளே நம்பிக்கொள்வார்கள் என்று ஜெசி சொல்வாள்.

வீட்டில் ஐந்து வயது மகள் பியூலா. அவள் தன் பங்குக்கு ஒரு கார்ட்டூனை உண்டாக்கி வைத்திருந்தாள். கொழுக்கட்டை என்று ஒரு குண்டுப் பூனை. அது எந்நேரமும் சிரிக்கும், எந்நேரமும் தின்னும். நோட்டில், சுவரில், அப்பா கொண்டுவந்து வைத்த ஆபீஸ் காகிதத்தில் என்று கொழுக்கட்டை இல்லாத இடம் அந்த வீட்டில் இல்லை. அதைச் சிப்பியில் செய்து தரச் சொல்லி ஒரு மாதமாகப் பிள்ளை உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பூனைக்கு உடையாத சிப்பிகள் வேண்டும். கரையில் ஒதுங்குவதெல்லாம் அலையில் அடிபட்டு மூளியானவை. புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஜெசி திசையன்விளை வழியாக பஸ் பிடித்து உவரிக்குப் போனாள். எப்போதும் அவள் பொறுக்குவது மாதா கோயில் பக்கத்துக் கரையில். அன்று அங்கே வலைகளைக் காயப் போட்டிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. கரையோரமாகவே நடந்து சுயம்புலிங்க சுவாமி கோயில் பக்கம் போய்விட்டாள். நாலு தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பெண், அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.

அங்கே ஈரமண் குவியல் குவியலாகக் கிடந்தது. பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்தாள். ஒரு குவியல் முழங்கால் உயரம் இருந்தது. அதற்குள் சிப்பிகள் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தன. கடலுக்கு அடியிலிருந்து நேராக அள்ளிய மண்ணில்தான் அப்படிச் சிப்பி கிடைக்கும். ஜெசிக்கு வாயெல்லாம் பல். இரண்டு கையாலும் குவியலைக் கலைத்து, பை நிறைய எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி நிழலில் ஒரு பெண் ஈரப் புடவையோடு சுருண்டு படுத்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மண்ணில் கிடக்கிற சிப்பிக்கு யாரைப் போய்க் கேட்பது என்று ஜெசி வந்துவிட்டாள்.

வீட்டில் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் சிப்பிகளை ஊறப் போட்டாள். வெளுத்தன, கடல் வாடை மட்டும் போகவில்லை. மூன்று தண்ணீர் மாற்றினாள். தாமிரபரணித் தண்ணீர், வெறுமனே குடித்தாலே இனிக்கிற தண்ணீர். வாளியிலிருந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது.

மறுநாள் சர்ச் முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாடு ஆனதும் குளூ கன்னைச் சூடேற்றி உட்கார்ந்தாள். தொப்பைக்கு ஒரு பெரிய மிதவை. பியூலா எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அதன் மேல் சிப்பிகளைச் செதில் செதிலாக ஒட்டினாள். தலைக்குக் கடல் அடித்துக் கொண்டுவந்த தேங்காய்ச் சிரட்டை. காதுக்கு நைலான் வலைக்கயிற்றை முக்கோணமாகச் சுற்றி நிறுத்தினாள். வாய்க்கு ஒரு சிவப்புச் செருப்பு வாரை வளைத்து, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை ஒட்டினாள். வீட்டு அலமாரியில் நிறுத்தி, எட்டி நின்று பார்த்தால் கொழுக்கட்டை நன்றாகவே சிரித்தது. பியூலா கை தட்டினாள்.

காப்பி போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது காது இரண்டும் அவிழ்ந்து இரண்டு பக்கமும் தொங்கின. வாய் கீழ்ப்பக்கமாக வளைந்திருந்தது. வாரைப் பிய்த்து மறுபடி ஒட்டினாள். அவள் கையை எடுக்கும் முன்பே அது மெல்ல இறங்கியது. நாலு தடவை ஒட்டினாள். நாலு தடவையும் இறங்கியது. கடைசியில் அலமாரியில் நின்றது பூனையே இல்லை. இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண், அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அவள் புருஷன் ஹெப்ரான், தாலுகா ஆபீஸ் கிளார்க், எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன், எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏட்டி, பாளையங்கோட்டை வெயிலுக்கு மனுசன் மூஞ்சியே உருகி ஓடுது. ஒம் பசை உருகாதாக்கும்?"

பியூலா சிரிக்கவில்லை. பொம்மையின் முன்னால் போய் நின்று அதையே பார்த்தாள். "இது கொழுக்கட்டை இல்ல மம்மி. இது அந்தப் புள்ள."

"எந்தப் புள்ள?"

"தண்ணிக்குள்ள இருக்குல்லா, அந்தப் புள்ள."

பிள்ளைகள் இப்படி ஆயிரம் சொல்லும். ஜெசியும் ஒரு ஆசிரியை அல்லவா, அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் பொம்மையின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் சமையல்கட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பியூலா யூனிஃபாரத்தோடு தலை முதல் கால் வரை நனைந்து குளியலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கருப்பட்டி வாங்கி வந்த சின்ன ஓலைப்பெட்டி தலையில் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து நடந்து, அலமாரிக்குக் கீழே போய்க் கவிழ்த்தாள். ஈரமான கடல் மண்.

"இருபத்தேழு" என்றாள்.

பியூலாவுக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதிலும் பதினாறும் பதினெட்டும் அடிக்கடி இடம் மாறிக்கொள்ளும். சொல்லிக் கொடுத்தவளே ஜெசிதான்.

குளியலறைக்கு ஓடிப் பார்த்தாள். வாளியில் தெளிந்த தண்ணீர். அடியில் ஒரு மணல் பொட்டு இல்லை. திரும்பி வந்தபோது தரையில் கிடந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு பொடி நண்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. கடல் அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

மறுநாள் கூடவே நின்று பார்த்தாள். பிள்ளை ஒரு குவளை தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். பெட்டியை வாளிக்குள் அமுக்கித் தூக்கினாள். பெட்டி நிறைய மண் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. "இருபத்தெட்டு" என்றாள்.

பெட்டியைப் பரணில் ஒளித்தால் சாப்பாட்டு டப்பாவில் சுமந்தாள். குளியலறையைப் பூட்டினால் குடிதண்ணீர்க் குடத்தில் அள்ளினாள். ஒரு நாள் கையைப் பிடித்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டதில், பிள்ளைக்கு மூச்சு முட்டி, கண் செருகி, மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. பயந்து போய்க் கையை விட்டாள். பொம்மையைக் குப்பை வண்டியில் போட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில் பியூலா அதை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. மண்ணைக்கூடக் கூட்டி அள்ளிவிடலாம், போகட்டும் என்று ஜெசி மனதைத் தேற்றியிருப்பாள். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் பிள்ளையிடமிருந்து ஒன்று போய்க்கொண்டிருந்தது. முப்பதாவது பெட்டி கொட்டிய அன்று, தினமும் படுக்கப் போகுமுன் பாடுகிற ஜெபப் பாட்டு அவளுக்கு ஒரு வரி வரவில்லை. முப்பத்திரண்டில் எதிர்வீட்டு நாயைப் பார்த்து, அதோடு இரண்டு வருஷம் உருண்டு புரண்டவள், பயந்து அலறினாள். முப்பத்து நாலில் கொழுக்கட்டை யாரென்று தெரியவில்லை. சுவரில் தானே வரைந்த பூனையைக் காட்டி, "இது யாரு வரைஞ்சது?" என்று கேட்டாள்.

போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. வாழைத்தோட்டத்தில் காற்று அடித்தால் என்ன சத்தம் வரும் என்று வாயால் செய்து காட்டினாள். பச்சையாற்றில் மீன் பிடித்ததைச் சொன்னாள். களக்காட்டுப் பக்கம் ஓடுகிற அந்த ஆற்றை அவள் பார்த்ததே கிடையாது. டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், டிவி பார்ப்பதைக் குறைக்கச் சொன்னார்.

முப்பத்தாறாவது பெட்டியை ஜெசி பிடுங்கிக்கொண்டாள். "குடு, மம்மி சுமக்கேன்" என்று தன் தலையில் வைத்து நடந்து போய்க் கொட்டினாள். அன்று பிள்ளை எதையும் மறக்கவில்லை. மனசு நிறைந்து போய், இதுதான் வழி, மிச்சத்தையும் நானே சுமந்துவிடுகிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தவள் அன்று சாயங்காலம் ஆல்பத்தைப் புரட்டினாள். ஒரு போட்டோவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து ஒரு பச்சைக் குழந்தையைப் பிடித்திருந்தது அவளேதான். அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. வலி இல்லை, முதல் அழுகை இல்லை, யார் கூட இருந்தார்கள் என்பது இல்லை. பியூலா பிறந்த நாள் அவளுக்குள்ளிருந்து துடைத்து எடுத்தாற்போல் போயிருந்தது. அதற்குப் பதிலாக வாயில் ஆற்று வண்டலின் ருசி இருந்தது. அன்றைக்கு அவள் அழுத மாதிரி அதற்கு முன் அழுததில்லை.

அதற்குப் பிறகு பிள்ளை விட்டுக் கொடுக்கவில்லை. ஜெசி கண் அசரும் நேரமாகப் பார்த்துச் சுமந்தாள். முப்பத்தொன்பதாவது பெட்டி ஆன அன்று ஆபீஸிலிருந்து வந்த ஹெப்ரானை வாசலில் பார்த்து, "மாமா, நீங்க யாரு?" என்று கேட்டாள். ஹெப்ரானுக்கு நக்கல் எல்லாம் எங்கே போயிற்றோ. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துச் சுகன்யா பார்க்க வந்தாள். பக்கத்து வகுப்பு ஆசிரியை, ஜெசியைவிட இளையவள். அவள் வந்த நேரம், பிள்ளை ஈரத் தலையோடு பெட்டியைச் சுமந்து வந்து கொட்டி, "நாப்பது" என்றது. சுகன்யா நாற்காலி நுனியில் பைய உட்கார்ந்தாள்.

"ஜெசிக்கா, இது உவரி நேர்ச்சைல்லா. இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"என்ன நேர்ச்சை?"

"எங்க குலசாமி கோயிலுக்கா அது. நோவு நொடி, புள்ள வரம், எதுன்னாலும் வேண்டிக்கிட்டு கடல்ல முங்கி, ஓலைப்பெட்டி நெறைய மண் எடுத்துத் தலையில சுமந்து கரையில கொட்டுவோம். பதினொண்ணு, இருபத்தொண்ணு, நாப்பத்தொண்ணு, அவங்கவங்க வேண்டுதலு மாதிரி. கொட்டுன குவியலு சாமிக்குப் பட்டது. அதுலேர்ந்து ஒரு துரும்பு எடுக்க மாட்டோம்."

ஜெசி அலமாரியைப் பார்த்தாள். "நான் பை நிறைய எடுத்தேன்" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் உவரிக்குப் போனார்கள். மஞ்சள் கவுன் போட்ட பியூலா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓலைப்பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு வந்தாள். ஜெசியை அவள் இப்போது டீச்சர் என்று கூப்பிட்டாள். கூப்பிடும்போதெல்லாம் ஜெசி, "என்னம்மா" என்று சாதாரணமாகப் பதில் சொன்னாள். பொம்மை பைக்குள் இருந்தது.

கோயில் பக்கத்துக் கரையில் அன்று நிழலில் படுத்திருந்த அதே பெண், கலைந்த குவியலின் பக்கத்தில் குந்தியிருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பெயர் இசக்கியம்மா, களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். ஜெசி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். இசக்கியம்மா திட்டவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரே புள்ள, டீச்சரம்மா. நித்யான்னு பேரு. அஞ்சு வயசு. போன வெள்ளத்துல பச்சையாறு இழுத்துட்டுப் போயிட்டு. பச்சையாறு தாமிரபரணியில விழுது, தாமிரபரணி கடல்ல விழுது. ஒடம்பு கெடைக்கல. எங்கூருக் கோயில்ல சாமியாடி சொன்னாரு, கடலு எடுத்ததக் கடல்லதான் கேக்கணும், நாப்பத்தொரு பெட்டி மண் சும, கடைசிப் பெட்டிய எந்தத் தலை சுமக்கோ அந்தத் தலையில ஒம் புள்ள எறங்குவான்னு."

"எந்தத் தலையிலும் இறங்குவாளா?" என்று ஹெப்ரான் கேட்டான்.

"நான் எந் தலைன்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி. எனக்குள்ள வந்து இருந்துட்டுப் போட்டும். நான் போனாப் போறேன். வெறும் வயித்தோட இருபத்தாறு சுமந்தேன். தலை சுத்திப் படுத்துட்டேன். எந்திச்சுப் பாத்தா குவியலக் கலைச்சுக் கெடக்கு. அன்னையிலேர்ந்து எம் பெட்டியில மண் வரல. முங்கி முங்கி எடுக்கேன். தண்ணிதான் வருது."

ஜெசி பையைத் திறந்தாள். பொம்மையைத் தரையில் வைத்து, சிப்பியை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் குவியலுக்குள் புதைத்தாள். நகம் கிழிந்து ரத்தம் வந்தது. கடைசிச் சிப்பியும் உள்ளே போனதும் இசக்கியம்மா தன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிக் கடலில் முங்கி எழுந்தாள். பெட்டியிலிருந்து தண்ணீர்தான் கொட்டியது. ஹெப்ரான் சட்டையோடு இறங்கி முங்கினான். அவனுக்கும் தண்ணீர்தான்.

"சிப்பியத் தொட்ட கைக்குத்தான் வரும் போல" என்றாள் இசக்கியம்மா.

சிப்பியைத் தொட்டவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி, மஞ்சள் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெட்டியோடு கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள். ஹெப்ரான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டான். பிள்ளை திமிறியது. மூக்கில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஜெசிக்குத் தெரியும்.

அவள் இசக்கியம்மாவின் கையைப் பிடித்தாள். "உங்க நேர்ச்சை அக்கா. நீங்க வேண்டாம்னு சொன்னா நின்னுரும். ஒரே ஒரு வார்த்தை. சொல்லிருங்க."

இசக்கியம்மா கடலைப் பார்த்துத் திரும்பினாள். வாயைத் திறந்தாள். அப்போது பியூலா, ஒரு கையில் பெட்டியை இறுக்கியபடி ஹெப்ரானின் தோளுக்கு மேலே மறு கையை நீட்டி, மூச்சுத் திணறலுக்கு நடுவே, "எம்மா" என்றாள். ஜெசியைப் பார்த்து இல்லை. இசக்கியம்மாவைப் பார்த்து.

இசக்கியம்மா வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். "முடியல தாயி. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. நான் பாவி. என்ன மன்னிச்சிருங்க. எம் புள்ள கூப்பிட்டப் பொறவு நான் எப்பிடி வேண்டாம்னு சொல்லுவேன்?"

ஜெசிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

மகளின் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். விரல் விரலாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றான் ஹெப்ரான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்ட்டி. ஜெசி. வேற வழி பாப்போம்."

"பால்ல அவளுக்குச் சீனி கம்மியாப் போடுங்க" என்றாள் ஜெசி. "காதுகுத்துன புண்ணு எடது பக்கம் இன்னும் ஆறல, எண்ணெ தொட்டு வைங்க. காலு மேல போர்வை இல்லாட்டி தூங்க மாட்டா. சாக்கு சொல்லிப் பள்ளிக்கூடம் போகாம இருந்தா நம்பாதீங்க. அவளப் புடிச்சுக்கிடுங்க. என்ன சொன்னாலும் கையை விடாதீங்க."

பிள்ளையின் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். புருவத்தில் ஒரு சின்ன மச்சம். அதை ஒட்டி வேர்வையில் ஒட்டிக் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்காமல் கடலில் இறங்கினாள்.

வெயில் ஏறியிருந்தது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். பெட்டி மண்ணை முட்டியது. தூக்கினால் கனத்தது. ஐந்து வயதுப் பிள்ளை இந்தக் கனத்தையா இத்தனை நாள் சுமந்தாள் என்று மறுபடியும் நினைத்தாள். தலையில் வைத்துக் கரையைப் பார்த்து நடந்தாள்.

முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் போயிற்று. ஏதோ ஒரு அலமாரி, அதில் ஏதோ பொம்மைகள், என்ன பொம்மை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அலமாரியும் இல்லை. கணுக்கால் தண்ணீரில் சர்ச் மணி போயிற்று, தெருப் பெயர் போயிற்று. ஈரமண்ணில் கால் வைத்ததும் எதிரே நின்றுகொண்டிருந்த ஆணின் பெயர் போயிற்று. எல்லாம் போனால் போகட்டும் என்று அவள் ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பியூலா. பியூலா. பியூலா. குவியல் வரைக்கும் பத்தடி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பெயரைச் சொன்னாள். கடைசி அடியில் அது ஒரு பெயர் என்பது மட்டும் தெரிந்தது. பெட்டியைக் கவிழ்த்தாள்.

"நாப்பத்தொண்ணு" என்றாள். குரல் மெலிந்து கீச்சென்றிருந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு ஆள் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். அந்த ஆள் அழுதுகொண்டிருந்தான். பாப்பா உதடு சிவந்து, முகம் தெளிந்து, இரண்டு கையையும் இவளைப் பார்த்து நீட்டி, "மம்மி, மம்மி" என்று கரையே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. இவளுக்கும் அழுகை வரும் போலிருந்தது, ஏனென்று தெரியவில்லை.

மண்ணில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து தடுமாறித் தடுமாறி ஓடி வந்தாள். அவளை இவளுக்குத் தெரியும். ஓடிப்போய் அவள் ஈரப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாழைக்கறை வாசம் அடித்தது.

"எம்மா" என்றாள், முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. "அந்தப் பாப்பா ஏன் அழுவுது? அவ அம்மைய எங்க?"